சட்ட உதவியில் சேரலாமா, கொழும்புக்கே போகலாமா? மலையகக் கோடுகளில் (நீதிமன்றங்களில்) வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

புதுக்கறுப்புக்கோட்டு எழுதியது:

வணக்கம். சட்டக்கல்லூரி முடித்து, ஒரு சீனியரிடம் பயிற்சியும் முடித்து, இந்த வருடம்தான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தேன். ஊர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அம்மா இன்னமும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். இப்போது முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கொழும்பில் ஒரு சேம்பர்: காணி வழக்கு, கம்பனிப் பத்திரம், மெதுவாகத்தான் என்றாலும் காசு வரும். மற்றது மலையகத்திலேயே சட்ட உதவி வேலை, அதாவது லோயர் பிடிக்க வசதியில்லாதவர்களுக்காக நீதவான் நீதிமன்றத்தில் எழும்பி நிற்பது. மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ஒரு கோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், கசிப்பு (கள்ளச் சாராயம்) வைத்திருந்ததாகக் கேஸ், லோயர் இல்லை. கூண்டில் ஏறினார், சிங்களத்தில் மளமளவென்று வாசித்தார்கள், "வெரதிகருத, நிவெரதிகருத" என்று கேட்டார்கள். குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று அர்த்தம், இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு 'நி'தான் வித்தியாசம். அவர் கையைக் கட்டிக்கொண்டு "ஓவ் சேர்" என்றார். ஒப்புக்கொண்டதாக எழுதி, தண்டம் போட்டு, அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்து "மிஸ், என் கேஸ் எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் வரும், செய்துதான் இருக்கிறார் என்று தெரிந்த ஆளுக்காக எப்படிப் பேசுவது (அம்மாவே "கள்ளனுக்கெல்லாம் பேசத்தானா இவ்வளவு படிச்ச?" என்கிறார்), அப்புறம் என் சிங்களம் வாசிக்க எழுத ஓகே, நின்று பேசினால் தடுமாறும், அது பெரிய பிரச்சினையா?

மழைக்கோட்டு எழுதியது:

தங்கச்சி, ஏழு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் பெரியவர். அன்றைக்கு யாராவது ஒருவர் எழும்பி இரண்டு வசனம் பேசியிருந்தால் கதை மாறியிருக்கும். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், மற்ற இடங்களில் சிங்களம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் நம் சனம்தான், ஆனாலும் அங்கேயும் சிங்களம்தான். ஆனால் இப்படிச் சொல்லும் அதே அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில், கோட்டில் பேசும் மொழி விளங்காதவருக்கு அரசு செலவிலேயே மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. கேஸைக் கூப்பிட்ட பிறகு கேட்டால் எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும். காலையிலேயே போய் முதலியாரிடம் (மொழிபெயர்ப்பாளரை இங்கே பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்) "இன்றைக்கு எனக்கு நான்கு தமிழ்க் கேஸ்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். விளங்காமல் ஒப்புக்கொண்டுவிட்டாலும், தண்டனை சொல்வதற்கு முன்பு நீதவானின் அனுமதியோடு அதைத் திரும்பப் பெறலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த அரை நிமிட இடைவெளியில் நீ காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலையில் முக்கால்வாசி கூண்டில் ஏறுவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் பெரும்பாலும் கோட்டு வராந்தாவில், கம்பிக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவர், பின்னால் ஒரு பொலிஸ்காரர் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன நடந்தது" என்று கேட்டால் ஒன்றும் வராது, "தெரியாம நடந்துருச்சி மிஸ்" என்பார்கள். நான் "அன்றைக்குக் காலையில் பிரட்டுக்குப் போனீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பேன் (பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது). எத்தனை மணிக்கு, யார் கூட, எத்தனை கிலோ, பேர் விழுந்ததா (முழு நாள் சம்பளம் பதிந்ததா) அரைப் பேரா. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நாள் என்பது அப்படித்தான் ஞாபகம் இருக்கும். அதிலிருந்து கதை தானாக வரும். சில நேரம் அந்தச் செக்ரோலே (தோட்டத்து வருகைப் பதிவு) சாட்சியாகவும் ஆகும், பொலிஸ் பிடித்ததாகச் சொன்ன நேரத்தில் ஆள் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்திருப்பார்.

பிணை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு என்று தொடங்குகிறது. நம் ஊரில் மறுக்காமலே ஆளை உள்ளே வைத்திருக்க முடியும். இரண்டு பேர் சரீரப் பிணை (ஆள் பிணை நிற்பது), கிராம சேவகர் கடிதத்தோடு என்று ஒரு கட்டளை வரும், ஆனால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பவருக்குச் சொந்த வீடும் இல்லை காணியும் இல்லை, தெரிந்தவர்கள் எல்லோரும் அதே லயம், கிராம சேவகர் இருப்பதோ மூன்று மலை தள்ளி. பிணை கிடைத்த பிறகும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இரண்டு மாதம் இருந்த பையன் எனக்கு ஒருவன் இருந்தான். அதனால் நீ பிணை கேட்கும்போதே, யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள், கிராம சேவகரை என்றைக்குப் பார்க்கலாம் என்று முதலே விசாரித்துவை. ஆளே இல்லாவிட்டால் சொந்த முறியில் (அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியில்) விடச் சொல்லிக் கேள், அதற்கும் அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேட்க வெட்கப்படாதே, கேட்காததைத் தர மாட்டார்கள்.

கள்ளன் விஷயம். இரவில் உர ஸ்டோரில் இரண்டு பை எடுத்த ஒரு பையன் எனக்கு வந்தான், 2021இல் உரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறிய நேரம். எடுத்தது அவன்தான், என்னிடமே சொன்னான். ஆனால் பொலிஸ் போட்டது கதவுடைத்துப் புகுந்த கேஸ். இடத்தைப் போய்ப் பார்த்தேன், அந்த ஸ்டோருக்குக் கதவே இல்லை, பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தத் தகரத்தைப் படம் எடுத்து வந்தேன். எடுத்ததை அவன் ஒப்புக்கொண்டான், உடைக்காததை உடைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, கடைசியில் 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் கட்டளையோடு முடிந்தது. உன் அம்மாவிடம் இந்தத் தகரக் கதையைச் சொல்லிப் பார்.

எத்தனை கேஸ் என்றால், எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சிங்களம் வரும். உனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் அங்கே இல்லாத சரக்கு.

கண்டிவீதி எழுதியது:

நான் தனியாகத் தொழில் செய்பவன், எதிர்ப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொன்னார். உங்கள் வயதில் உங்களோடு சத்தியப்பிரமாணம் செய்தவர்கள் ஐந்து வருடத்தில் வாகனம் வாங்குவார்கள், நீங்கள் மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் வருவீர்கள். உங்கள் கட்சிக்காரர் தவணைக்கு (வழக்குத் தேதிக்கு) வர மாட்டார், பிடியாணை போடுவார்கள், நீதவான் உங்களைப் பார்ப்பார். கோட்டு வாசலில் "நான் லோயர் பிடித்துத் தருகிறேன்" என்று நிற்கும் தரகர்கள், "அது இலவச லோயர், சும்மா வந்து நிக்கும்" என்று உங்கள் ஆளையே கலைத்துக்கொண்டு போவார்கள். அவர் அம்மாவின் தோட்டை அடகு வைத்து அவர்களுக்குக் கொடுப்பார். இதெல்லாம் நடக்கும்.

ஆனாலும் இரண்டு வருடம் போங்கள் என்றுதான் சொல்வேன். குறுக்கு விசாரணை சேம்பரில் உட்கார்ந்து வராது. என் ஜூனியர் நான்கு வருடத்தில் செய்ததை விட அதிகமான விளக்கங்களை (சாட்சி விசாரணைகளை) சட்ட உதவியில் ஒரு பிள்ளை ஒரே வருடத்தில் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பனிக்காலம் எழுதியது:

சின்னச் சந்தேகம், நான் சட்டம் படித்தவன் இல்லை. அமெரிக்காவில் பப்ளிக் டிபெண்டர் என்று இருக்கிறார்களே, காசில்லாவிட்டால் அரசே லோயர் கொடுக்கும். அது இங்கே இல்லையா?

மழைக்கோட்டு எழுதியது:

@பனிக்காலம் அந்தப் பெயரில் இல்லை. அங்கே 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாரதூரமான குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு மாநிலமே லோயர் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. இங்கே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு வந்தது, இந்தத் தங்கச்சி சேரப் போவது அந்த வழியில்தான். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வந்து ஆளுக்கு லோயர் இல்லையென்றால் நீதிபதியே ஒரு சட்டத்தரணியை நியமிப்பார். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சட்டத்தின் 4ஆம் பிரிவிலும் வசதியில்லாதவருக்குக் கட்டணமில்லாச் சட்ட உதவி பற்றி இருக்கிறது. ஆனால் சின்னக் கேஸ் என்று நாம் நினைக்கும் கசிப்பு, விறகு, சண்டை எல்லாம் நீதவான் நீதிமன்றத்திலேயே முடிந்துவிடும், அங்கே கேட்டால்தான் லோயர். கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்.

பிரட்டுக்களம் எழுதியது:

நான் லோயர் இல்லை, கேஸ்காரரின் தம்பி. அண்ணனுக்கு ஒரு அடிபிடிக் கேஸ், சட்ட உதவியில் ஒரு மிஸ்தான் பேசினார். பெரிதாக ஒன்றும் சொல்ல வரவில்லை, எங்கள் பக்கத்தில் என்ன கஷ்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

கோட்டுக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. 2024இல் நாள் சம்பளம் 1,350 ஆனது, அது போய்விடும், பஸ் காசு வேறு, கூட அண்ணியும் வந்தால் இரண்டு சம்பளம். போனால் பாதி நாள் "அடுத்த தவணை" என்று சொல்லி அனுப்புவார்கள். அதனால்தான் ஆட்கள் "குற்றத்தை ஒத்துக்கிறேன், இன்னைக்கே முடிச்சி விடுங்க" என்கிறார்கள், குற்றம் செய்ததால் இல்லை. அண்ணனும் அப்படித்தான் சொன்னார். அந்த மிஸ் "ஒத்துக்கிட்டா பேர்ல குற்றம் நிக்கும், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போக பொலிஸ் ரிப்போட் கேட்பாங்க" என்று உட்கார்த்தி வைத்துச் சொன்னார். அதுவரை அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் கடிதம். எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை, எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. அண்ணனுக்கு வந்த அழைப்பாணை தவணை முடிந்து ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது, அதற்குள் பிடியாணை போட்டுவிட்டார்கள். அந்த மிஸ் அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் ஒரு சின்னத் துண்டில் அடுத்த தேதியைத் தமிழில் எழுதி, கிழமையும் போட்டு, அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணி அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு தவணையும் தவறவில்லை. நீங்கள் சேர்ந்தால் அதைச் செய்யுங்கள் மிஸ்.

புதுக்கறுப்புக்கோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தகரக் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தகரத்தைத் தள்ளுனதுக்கு என்ன கேஸ்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை.

கொழும்பு சீனியரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், அவர் கோபப்படவில்லை, "இரண்டு வருடம் கழித்து வா" என்றார். கண்டிவீதி அண்ணா சொன்ன அதே இரண்டு வருடம்! அக்கா, முதல் நாள் என்ன கொண்டு போக வேண்டும்?

மழைக்கோட்டு எழுதியது:

குடை, இரண்டு பேனா (ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள்), தமிழில் தேதி எழுத ஒரு சின்னக் கொப்பி. தம்பி பிரட்டுக்களம், அந்தத் துண்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன், இத்தனை வருடம் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு முன்னால் போய்விடு. கைதிகளை அடைத்து வைக்கும் அறைக்குச் சாவி வைத்திருக்கும் சார்ஜன்ட் யார் என்று கேட்டு, அவருக்கு முதலில் வணக்கம் சொல், நீதவானுக்குப் பிறகு சொல்லலாம். அந்த மனிதர் மனம் வைத்தால்தான் உனக்குப் பத்து நிமிடம்.

தகரத்துக்கு என்ன கேஸ் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.