டியூட்டி ஆஃப் கேர்: ‘காப்புக் கடமை’ என்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு ஆன்லைன் சேஃப்டி சட்டத்தைத் தமிழில் விளக்கும்போது ‘டியூட்டி ஆஃப் கேர்’ என்பதற்கு, அதாவது பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் சட்டக் கடமைக்கு, என்ன எழுதுவது என்று இந்த இழை தொடங்கியது. இதுவரை வந்தவை பராமரிப்புக் கடமை, அக்கறைக் கடமை, கவனக் கடமை, கண்காணிப்புப் பொறுப்பு. நான் முன்வைப்பது காப்புக் கடமை.

பராமரிப்பு என்றாலே நம் நீதிமன்றப் பேச்சில் ஜீவனாம்சம்தான் நினைவுக்கு வரும். அதை விட்டுவிடலாம். அக்கறை நல்ல சொல், ஆனால் அது மனத்தில் இருப்பது. இந்தச் சட்டம் நிறுவனத்தின் மனத்தைக் கேட்கவில்லை, என்ன செய்தாய் என்று கேட்கிறது.

கவனக் கடமைக்கு வலுவான உரிமை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1928இல் ஒரு பெண் இஞ்சி பீர் குடித்தார். மிச்சத்தை ஊற்றியபோது உள்ளிருந்து அழுகிய நத்தை வந்தது என்பது அவர் புகார். பாட்டிலை வாங்கியது அவருடைய தோழி, ஆகவே கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஆனாலும் தயாரித்தவருக்கு அவர்மீது ஒரு கடமை உண்டு என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1932இல் தீர்ப்பளித்தது. டானஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் என்ற அந்த வழக்கின் கடமைக்குக் கவனக் கடமை என்பதே சரி. ‘நெக்ளிஜென்ஸ்’ஸுக்குக் கவனக்குறைவு என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கவனக் கடமை, அதை மீறினால் கவனக்குறைவு என்று இரண்டும் ஜோடி சேர்கின்றன. தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச் சட்டம் (காமன் லா) பற்றி எழுதும்போது அதைத் தொட வேண்டாம்.

ஆனால் 2023 சட்டத்தில் இருப்பது அதே கடமை அல்ல. இந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக 2019 ஏப்ரலில் வந்த வெள்ளை அறிக்கை, அதாவது அரசின் கொள்கை முன்மொழிவு, பழைய சொல்லை எடுத்துக்கொண்டது உண்மை. சட்டத்தின் அத்தியாயத் தலைப்பிலும் அது இருக்கிறது. உள்ளே போனால் பிரிவுகளின் பெயர் ‘சேஃப்டி டியூட்டீஸ்’ என்று மாறிவிடுகிறது. பழைய கடமையில், அடிபட்டவர் ஒருவர் வழக்குப் போட்டு, நடந்துமுடிந்ததை நீதிமன்றம் ஆராயும். புதியதில், யாருக்கும் எதுவும் நேரும் முன்பே நிறுவனம் தன் சேவையால் என்னென்ன தீங்கு வரலாம் என்று இடர் மதிப்பீடு செய்து, அதற்கேற்பச் சேவையை மாற்றியமைக்க வேண்டும். தவறினால் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் வரும் ‘டியூ டிலிஜென்ஸ்’ஸை உரிய கவனம் என்று எழுதுகிறோம். பயனர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பாகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் சட்டக் கவசம் போகாமலிருக்க இடைநிலை நிறுவனம் செய்ய வேண்டியது அது. பிரிட்டன் சட்டத்துக்கும் கவனம் என்றே போட்டால், இரண்டும் ஒன்று என்று வாசகர் எண்ணிவிடுவார்.

> இழையில் ஒருவர் கேட்டது: தளங்கள் பதிவுகளைக் கண்காணித்து நீக்க வேண்டும் என்பதுதானே சாரம்? கண்காணிப்புப் பொறுப்பு போதுமே.

போதாது ஐயா. என் எதிர்ப்பெல்லாம் இந்தச் சொல்மீதுதான். லண்டனைச் சேர்ந்த 14 வயது மாலி ரஸ்ஸல் 2017இல் தனக்குத்தானே தீங்கு விளைவித்துக்கொண்டு இறந்தாள். 2022 செப்டம்பரில் முடிவு சொன்ன மரண விசாரணை அதிகாரி, இணையத்தில் அவள் பார்த்தவையும் அந்த மரணத்துக்குப் பங்களித்தன என்றார். அவள் தேடாதவற்றையும் அல்காரிதம் தானாகத் தேர்ந்து அவள்முன் கொண்டுவந்ததையும் பதிவு செய்தார். ஒவ்வொரு பதிவாகக் கண்காணித்து நீக்குவது பற்றி மட்டும் பேசினால் அந்த அல்காரிதம் தப்பிவிடுகிறது. அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொட்டிய அமைப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

2024 டிசம்பரில் ஆஃப்காம் வெளியிட்ட நடைமுறைக் கோவையைப் பாருங்கள். பெரியவர்கள் பாலியல் நோக்கத்தோடு சிறாரை வசப்படுத்தும் ஆபத்து மிகுந்த தளங்களில், சிறாரின் கணக்கு ‘இவரை நண்பராக்கலாம்’ என்ற பட்டியலில் முன்பின் தெரியாதவருக்குத் தோன்றக் கூடாது, இணைப்பில் இல்லாதவர் அவர்களுக்கு நேரடிச் செய்தி அனுப்ப முடியக் கூடாது என்கிறது. இதில் யாருடைய உரையாடலையும் யாரும் படிப்பதில்லை. கதவு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இதைக் கண்காணிப்பு என்று தமிழில் எழுதினால், சட்டம் செய்யச் சொல்வதை மறைத்துவிடுகிறோம். உளவு பார்க்கிறார்கள் என்ற அச்சத்தையும் சேர்த்து விதைக்கிறோம்.

சரி, பாதுகாப்புக் கடமை என்றே சொல்லலாமே என்று கேட்கலாம். பாதுகாப்பு ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது. தரவுப் பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு, தேசப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் அதே சொல். ஹேக்கர் நுழையாமல் பூட்டுவதும் பயனருக்குத் தீங்கு நேராமல் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். இங்கே காப்பு என்று பிரித்துவைத்தால் தெளிவு கிடைக்கும்.

‘காப்பு’ என்ற சொல்லுக்கு இலங்கை நண்பர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. அங்கே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்கிறோம். கருத்துரிமையை நெரிக்கிறது என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட சட்டம் அது. ஆனால் இந்தச் சொல்லில் ‘கடமை’ என்ற பகுதி முக்கியம். அந்தச் சட்டத்தின் குற்றப் பிரிவுகள் பெரும்பாலும் எழுதியவரைப் பிடிக்கின்றன. நாம் பேசும் கடமை சேவை வழங்குநரின் தோளில் இருக்கிறது. காப்பு என்ற சொல்லை அந்த ஒரு சட்டத்துக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “காப்புக் கடமையை மீறிய நிறுவனத்துக்கு அபராதம்”, “சிறார் காப்புக் கடமைகள் 2025 ஜூலை 25 முதல் நடைமுறைக்கு வந்தன”. செய்தித்தாள் தலைப்பிலும் உட்காரும், சட்ட விளக்கத்திலும் இடறாது. குழந்தை என்று போடாமல் சிறார் என்றதற்குக் காரணம், சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் சேர்க்கிறது.

அப்புறம், ‘ஏஜ் அஷ்யூரன்ஸ்’ஸுக்கு வயதுச் சரிபார்ப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். அடையாள அட்டையைக் காட்டிச் சரிபார்ப்பது அதில் ஒரு வழி மட்டுமே. முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையும் அதில் அடங்கும். இரண்டையும் அணைக்க வயது உறுதிப்பாடு என்று வைக்கலாமா? மாற்றுச் சொல் இருந்தால், காப்புக் கடமை பற்றிய மறுப்புகளோடு சேர்த்து இங்கேயே எழுதுங்கள்.