பள்ளி நூலகத்தில் நம் தோட்டத்தைத் தேடியவர்கள்: அனுபவப் பகிர்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படித்தபோது பெங்காஜியான் அம் என்ற பொது அறிவுப் பாடத்துக்கு ஓர் ஆய்வுப் பணி செய்ய வேண்டியிருந்தது. எங்கள் குழுவின் தலைப்பு, ‘தோட்டப்புற இளைஞர்களும் குடிப்பழக்கமும்’. எங்கள் பக்கம் இதற்கு எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “கள்ளுக்கடையும் சம்சுவும்தான் நம்மாளுங்களைக் கெடுத்தது.” (சம்சு என்றால் மலிவான சாராயம்.) அதற்குச் சான்று தேடித்தான் பள்ளி நூலகத்துக்குப் போனோம்.

நூலகப் பகுப்பு எண்படி சமூகவியல் நூல்கள் 300 எண் வரிசையில் இருக்கும். குடி, போதை, வறுமை எல்லாம் 362. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் அறிவுரைப் புத்தகங்கள். குடித்தால் கல்லீரல் கெடும் என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லை. நூலக ஆசிரியை, மலாய்க்காரர், எங்கள் தலைப்பை வாங்கிப் பார்த்தார். “இந்த இளைஞர்களின் குடும்பம் முன்பு எங்கே இருந்தது, ஏன் அங்கிருந்து வந்தது?” என்று கேட்டுவிட்டு 331க்கு, அதாவது தொழிலாளர் வரிசைக்கு, எங்களை அழைத்துப் போனார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

தோட்டத் துண்டாடல் பற்றி நான் முதன்முதலில் படித்தது அந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டுதான். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி விற்றார்கள். துண்டு நிலம் வாங்கியவருக்கு நிரந்தரத் தொழிலாளி எதற்கு? வீட்டு ஆட்களும் குத்தகை ஆட்களும் போதும். பால் வெட்டியவருக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். மூன்றும் தோட்டத்துக்குச் சொந்தமானவை. இதைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அவர் எங்கள் ஊரில் பிறந்தவர். ஊரில் அவர் பெயரைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் அந்தச் சங்கம் எதற்காக வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்தது 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றது. இங்கேயே பால் வெட்டி இங்கேயே கிழவர்களானவர்கள் எத்தனையோ பேரிடம் சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டைதான், இருந்தது. “ஒங்க தாத்தாவுக்குப் பெர்மிட்டு கெடைக்கல” என்று பாட்டி சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது எங்கள் வீட்டுக் கதை என்றே நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், படித்ததைப் பாட்டியிடம் சொன்னேன். கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

“பெரட்டுல (காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில்) எல்லார் பேரையும் கூப்பிட்டாங்க, அவரு பேர மட்டும் கூப்பிடல. கிராணிகிட்ட (தோட்டத்து எழுத்தரிடம்) போய்க் கேட்டதுக்கு, மேல இருந்து உத்தரவுன்னாராம். அப்போ அது எல்லாருக்கும் போட்ட சட்டமா ஐயா? நம்ம தலையெழுத்துன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

குடி பொய்யில்லை, எங்கள் தெருவிலேயே அதனால் அழிந்த வீடுகள் உண்டு. அதையும் எழுதினோம். ஆனால் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறிகொடுத்த குடும்பத்திடம் முதல் கேள்வியாகக் குடியைக் கேட்பது அநியாயம். எங்கள் ஆய்வின் முதல் பகுதி வீட்டைப் பற்றியதாக மாறியது. நீங்களும் இப்படிப் பள்ளி நூலகத்தில் ஏதாவது தேடியிருந்தால் எழுதுங்கள்.

பதில் (முன்னாள் நூலகப் பொறுப்பாசிரியை):

தம்பி, நீங்கள் நாளிதழ் நறுக்குக் கோப்புகளைப் பார்க்கவில்லையா? எங்கள் பள்ளியில் அலமாரியை விட அதில்தான் நம்மவர்கள் செய்தி அதிகம் இருந்தது. தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் பழைய பக்கங்கள் சில ஊர்களில் இப்படிக் கோப்பில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு வருத்தம் உண்டு. வெட்டி ஒட்டிய பிள்ளைகள் செய்தியை மட்டும் கத்தரித்துவிட்டுத் தேதி இருந்த மேல்விளிம்பைக் குப்பையில் போட்டிருப்பார்கள். தேதியில்லாத நறுக்கை ஆய்வில் எப்படிக் காட்டுவது? என் பொறுப்பில் இருந்தவரை தேதி, பத்திரிகை, பக்கம் மூன்றையும் பென்சிலில் எழுதாமல் எதையும் ஒட்ட விட்டதில்லை. இப்போது நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களே, பழையது என்று கழிக்கும்போது இந்தக் கோப்புகளையும் பள்ளி ஆண்டு மலர்களையும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்):

சேர்க்கைப் பதிவேட்டைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். பிள்ளை சேர்ந்த தேதி, அப்பாவின் தொழில், முகவரி, பள்ளியை விட்டுப் போன தேதி எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பள்ளி தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு மாறியபோது பழைய ஏடுகளையும் கூடவே கொண்டுவந்தோம். ஒரு பக்கத்தில் தொழில் கட்டம் முழுக்க ‘பால் வெட்டு, பால் வெட்டு’ என்று போகும்; சில பக்கம் தள்ளினால் ஒரே மாதத்தில் வரிசையாகப் பிள்ளைகள் விலகியிருப்பார்கள். அந்த மாதம் தோட்டம் கைமாறியிருக்கிறது. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள், இன்று ஐந்நூற்றுச் சொச்சம் என்கிறோமே, அந்தக் கணக்கின் உள்ளே இருப்பது இதுதான். ஏட்டைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு அங்கேயே பார்க்க வேண்டும், பெயர்களை வெளியில் எழுதக் கூடாது. எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்:

தேதியில்லாத நறுக்குக்கு ஒரு வழி இருக்கிறது அக்கா. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் இருக்கின்றன. அந்தக் காலத்து மலாயாச் செய்திகளும் அவற்றில் நிறைய வந்திருக்கின்றன. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எங்கள் தோட்டம் விற்பனைக்கு வந்த விளம்பரமே எனக்கு அதில்தான் கிடைத்தது.