ஜான் ஹன்னாவின் 28 ஆண்டுகள்: வளர்ச்சியா, வீக்கமா?

ஆற்றங்கரையான்:
1941இல் ஜான் ஹன்னா அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியின் தலைவரானபோது அங்கே சுமார் 6,000 மாணவர்கள் படித்தார்கள். 1969இல் அவர் விலகியபோது அது ஏறத்தாழ 40,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகம். போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்ற 1944ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும்தான் மாணவர்களை அனுப்பியது. இடமில்லை என்று கதவடைக்காமல், வந்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் தங்கவைத்துக்கொண்டே நிரந்தர விடுதிகளை எழுப்பியது ஹன்னாவின் துணிச்சல். கடன் பத்திரங்கள் வெளியிட்டு, மாணவர்கள் கட்டும் அறை வாடகையிலிருந்தே அந்தக் கடனை அடைத்தார்கள். கோழி வளர்ப்பியலில் இளநிலைப் பட்டத்தோடு நின்றவர் போட்ட கணக்கு இது. அதைப் போட முனைவர் பட்டம் தேவைப்படவில்லை.

மறுகரை:
கணக்கில் பிழையில்லை, நண்பரே. ஆனால் வாடகையால் கடன் அடைய வேண்டுமானால் அறைகள் நிரம்பியே இருக்க வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைக் கல்வித் தேவையோடு கடன் தவணையும் சேர்ந்து தீர்மானிக்கும் நிலை இது. வெளிப்பணத்தை நம்பி வளரும் நிறுவனம் அந்தப் பணத்தின் சொல்லுக்கும் கட்டுப்படும் என்பதற்கு வியட்நாமே சாட்சி. 1955 முதல் 1962 வரை இப்பல்கலைக்கழகத்தின் குழு, அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின்கீழ், தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில், அந்நாட்டுத் தலைவர் தியெம் ஆட்சியின் அதிகாரிகளுக்கும் காவல்துறைக்கும் பயிற்சி அளித்தது. அக்குழுவின் போர்வையில் சி.ஐ.ஏ. ஆட்களும் இருந்ததை 1966இல் ரேம்பார்ட்ஸ் இதழ் வெளியிட்டபோது, பல்கலைக்கழகம் உளவு அமைப்புக்கு முகமூடியாக இருந்ததில்லை என்று ஹன்னா மறுத்தார். மறுப்பு உண்மையென்றே கொள்வோம். அப்படியானால், தம் நிறுவனத்தின் பெயரில் யார் யார் இயங்கினார்கள் என்பதே தெரியாத தலைவரை நாம் எதற்காகப் புகழ்கிறோம்?

மூன்றாம் பெஞ்சு:
ஒருவரை ஒரே ஒப்பந்தத்தால் எடைபோடுவது முறையா? 1957இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் அமைந்த குடிமை உரிமைகள் ஆணையத்தின் முதல் தலைவராகச் செயல்பட்டவர் ஹன்னாதான். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை மறுக்கப்பட்டதை அந்த ஆணையம்தான் நேரில் சாட்சியம் கேட்டுப் பதிவுசெய்தது.

மறுகரை:
அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய வளாகம் அமைந்த ஈஸ்ட் லான்சிங்கிலேயே கறுப்பினப் பேராசிரியர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. 1965இல் அதற்காக மறியல் செய்த மாணவர்கள் கைதானார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் நகரச் சட்டம் 1968இல்தான் வந்தது. அவ்வூரின் மிகப் பெரிய நிறுவனத்தை நடத்தியவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம்.

ஆற்றங்கரையான்:
வீட்டு விவகாரத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஏற்கிறேன். வாடகைக் கடன் பற்றிய வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். அந்த அறைகள் இல்லாவிட்டால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பலர் திரும்பிப் போயிருப்பார்கள். வெளிப்பணம் வேண்டாம் என்றால், வேறு எந்தப் பணத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

மறுகரை:
விடுதிக் கடனை விட்டுவிடுகிறேன். அது மாணவர்களுக்காவது பயன்பட்டது. ஒப்பந்தப் பணத்தை விட முடியவில்லை. 1969இல் ஹன்னா பதவி விலகியது அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்பதற்காக. சைகோன் ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுத்தது அதன் முன்னோடி அமைப்பு.