சிறுத்தைப் பல்லிக்கு ஆத்தங்குடிக் கல் சரிவருமா?

காரைக்குடிக்காரன்:
இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் லெப்பர்ட் கெக்கோ, அதான் சிறுத்தைப் பல்லி, வளர்க்கிறேன். வறண்ட நிலத்துப் பிராணிதானே என்று மணல் பரப்பினேன். தோலுரித்தபின் கால்விரல் நுனியில் பழைய தோல் வளையமாக ஒட்டியிருக்கிறது. மணலை எடுத்துவிட்டு, ஆத்தங்குடிக் கல் (நம் பக்கத்துத் தரைக்கல்) போடலாமா? அப்பத்தா வேறு, "கெவுளிக்குத் தனி மாளிகையா?" என்று கேட்கிறார்.

பள்ளத்தூரான்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. மணலைப் பூச்சியோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். என்னுடையது 6 வருடமாக ஆத்தங்குடிக் கல்லில்தான் படுக்கிறது. பழைய வீடு இடித்தபோது எடுத்த கல், ஓரம் உடைந்தது. துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். விரலை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டுங்கள். பிய்த்தால் விரலுக்கே ஆபத்து. அப்புறம், தயிர் டப்பாவில் வாசல் வெட்டி, ஈரத் தேங்காய்நார்த் தூள் போட்டு உள்ளே வையுங்கள். அடுத்த முறை தோலைத் தானே உரித்துத் தின்றுவிடும்.

காரைக்குடிக்காரன்:
சரி அண்ணே. சூடு எவ்வளவு?

பள்ளத்தூரான்:
ஒரு பக்கத் தரை 32 முதல் 34 டிகிரி, மறுபக்கம் 26 போல. சித்திரையில் ஹீட் பேடை (சூடு தரும் மின் தகடு) அணைத்து, தொட்டியை வீட்டின் உள்பக்க இரண்டாம் கட்டுக்கு மாற்றிவிடுவேன்.

தேவகோட்டைவாசி:
பூச்சியில் கால்சியம் தூள் தூவ மறக்காதீர்கள். வீட்டுப் பல்லியைப் பிடித்துப் போடவே வேண்டாம், ஒட்டுண்ணி வரும்.