தெற்கு லெபனானில் ஒரு விருந்தாளி வாரம்

கோட்டையூர், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி:

அமைதிப்படையில் இருந்தவர்களுக்குக் காவல் நிற்பதைத் தவிர என்ன வேலை என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். விருந்தாளிகளைக் கவனிக்கிற வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். நான் இருந்த ஐ.நா. படையின் காலம் 2026 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்று பாதுகாப்புச் சபை 2025 ஆகஸ்டில் தீர்மானம் போட்டுவிட்டது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

படையின் பெயர் யுனிஃபில். 1978-ல் அமைத்தது. இந்தியப் பட்டாலியன் 1998-லிருந்து அங்கே இருக்கிறது. தலைமையகம் நகூரா என்ற கடற்கரை ஊரில். எங்கள் முகாம் கிழக்கே, மலைப்பக்கம், எபல் அஸ்ஸகி என்ற ஊரை ஒட்டி. நிமிர்ந்து பார்த்தால் ஹெர்மோன் மலை, குளிர்காலத்தில் தலை நிறையப் பனி. பார்க்க வேண்டிய கோடு நீலக் கோடு. அது எல்லை இல்லை. 2000-ல் இஸ்ரேல் படை லெபனானிலிருந்து வெளியேறியதைச் சரிபார்க்க ஐ.நா. வரைந்தது, சுமார் 120 கிலோமீட்டர். தரையில் அங்கங்கே நீலப் பீப்பாய்தான் அடையாளம். பல இடங்களில் அதுவும் கிடையாது. 2006-ல் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் நடந்த போரை நிறுத்தப் பாதுகாப்புச் சபையின் 1701-ஆம் தீர்மானம் வந்து, படையும் பெருகியது, கண்காணிப்பும் இறுகியது.

அப்போது நான் மேஜர். வருகிறவர்கள் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். முதலில் நாள் குறித்தது பதக்க அணிவகுப்புக்குத்தான். ஐ.நா. பணியில் 90 நாள் முடித்தால் பதக்கம் உண்டு. படைத் தலைவரே வந்து குத்திவிடுவார். யுனிஃபிலில் படைத் தலைவரும் ஐ.நா. பணியின் தலைவரும் ஒருவரே என்பதால் அவர் வருகிறார் என்றால் முழு மரியாதை. பெய்ரூட்டிலிருந்து நம் தூதர் வருவார். சுற்றுக் கிராமப் பெரியவர்கள், லெபனான் ராணுவ அதிகாரிகள், பக்கத்து ஸ்பெயின், இந்தோனேசியா, நேபாளப் படைக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்புப் போயிற்று. சரி, ஒரு நாள் கூத்து என்று இருந்தோம். அப்புறம் தில்லியிலிருந்து ஒரு லெப்டினன்ட் ஜெனரலும் குழுவும் அதே வாரம் வருவதாகத் தகவல். அது வந்து சேர்வதற்குள் உபகரணச் சோதனைக் குழுவும் அந்த வாரத்தையே பிடித்துக்கொண்டது.

இந்தச் சோதனைக் குழுவைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. வண்டி, ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் என்று நாம் கொண்டுபோகிற ஒவ்வொன்றுக்கும் ஐ.நா. நம் அரசுக்குப் பணம் தருகிறது. ஓடுகிற வண்டிக்குத்தான் தரும். அதனால் குறித்த கால இடைவெளியில் ஆள் வந்து, சாவி போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜெனரலின் வாகன வரிசைக்காகக் கழுவித் துடைத்து நிறுத்தி வைத்த வண்டிகளையே அவர்களும் கேட்டார்கள். போக்குவரத்து ஹவில்தார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காலையில் சோதனை, மதியம் மறுபடி கழுவல் என்று ஒப்பேற்றினோம்.

ராணுவத்தில் பெரியவர் வருகிறார் என்றால் காவியும் சுண்ணாம்பும் வெளியே வந்துவிடும். கல், மரத்தின் அடி, நடைபாதை ஓரம், எதுவும் தப்பாது. எங்கள் கமாண்டிங் ஆபீசர் முதல் கூட்டத்திலேயே அதற்குத் தடை போட்டார். அவர் போட்ட இன்னொரு உத்தரவுதான் முக்கியம்: காவல் பட்டியலில் கை வைக்கக் கூடாது. அணிவகுப்பு ஒத்திகைக்கு ஆள் போதவில்லை என்று, இரவுக் காவல் முடித்து வந்தவனை எழுப்பக் கூடாது. ஆள் குறைந்தால் வரிசை சிறியதாக இருக்கட்டும் என்றார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நல்ல தவசிப்பிள்ளை முதல் பந்திக்கு இலை விழுவதற்கு முன் அடுப்படி ஆட்கள் சாப்பிட்டாயிற்றா என்று பார்ப்பாரே, அந்த மாதிரி. அதிகாரிகளில் சிலருக்கு அந்த உத்தரவு பிடிக்கவில்லை. சின்ன வரிசையைப் பார்த்து ஜெனரல் என்ன நினைப்பார் என்று பயம். நான் அந்தக் கட்சி இல்லை. காவல்மேடையில் தூங்கி வழிகிறவனை வைத்துக்கொண்டு முகாமில் பளபளவென்று அணிவகுப்பு நடத்துவது ஊரை ஏமாற்றுவது.

ஒத்திகைக்கு ஒரு பொய் ஜெனரல் வேண்டும். எங்கள் அலுவலக நாயக் ஒருவர், ஒல்லியான ஆள், கழுத்தில் ‘ஜெனரல்’ என்று எழுதிய அட்டை. ஹெலிகாப்டர் தளத்திலிருந்து இறங்குவார், சல்யூட் வாங்குவார், நடப்பார். நான் கடிகாரத்தோடு பின்னால். மூன்றாவது சுற்றில் மனிதர் பாத்திரத்திலேயே இறங்கிவிட்டார். சுபேதார் மேஜரிடமே, "இந்தக் கதவு ஏன் கிறீச்சிடுகிறது?" என்று அதட்டினார். கதவு நிஜமாகவே கிறீச்சிட்டது. எண்ணெய் போட்டோம்.

தலைவலி என்றால் பந்தி வரிசைதான். ஹாஸ்பையாவிலிருந்து ட்ரூஸ் என்ற தனி மதப் பிரிவின் ஷேக்குகள், ஷெபாவிலிருந்து சன்னிப் பெரியவர்கள், கியாமிலிருந்து ஷியாக்கள், மர்ஜயூனிலிருந்து கிறிஸ்தவர்கள். ட்ரூஸ் ஷேக்குகள் மதுவைத் தொடமாட்டார்கள், புகைக்கவும் மாட்டார்கள். ஒரே வழி, அன்றைக்கு முகாமிலேயே மது கிடையாது என்றுவிட்டோம். கை குலுக்காதவர்களுக்கு நெஞ்சில் கை வைத்து வணங்கினால் போதும் என்று வாசலில் நின்ற பையன்களுக்குப் பழக்கினோம். யாருக்கு முன்னால் யார் நாற்காலி என்பதை மொழிபெயர்ப்பாளர் பார்த்து இரண்டு முறை மாற்றினார். அவர் அந்த ஊர்க்காரர். அவர் சொன்னதைத் தட்டவே கூடாது.

சாப்பாட்டில் மட்டும் என் இஷ்டம். மெஸ் ஹவில்தார் பனீரைத் தாண்டி வரமாட்டேன் என்றார். நான் வெள்ளைப் பணியாரம் என்றேன். குழிக்கல் வேண்டாம், எண்ணெயில் ஊற்றுவதுதானே. பச்சரிசியும் உளுந்தும் நம் ரேஷனிலேயே உண்டு. ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. இதுதான் எங்கள் ஆத்தா சொன்ன அளவு. நைசாக அரைத்து, கொஞ்சம் பாலும் உப்பும் சர்க்கரையும் சேர்த்து, கரண்டியால் ஒன்றொன்றாக. முதல் ஈடு பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்ததும் ஹவில்தார் என் கட்சிக்கு வந்துவிட்டார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். ஸ்பெயின் கர்னல்கள் அதை மரியாதையோடு ஒதுக்கி வைத்தார்கள். லெபனான் பெரியவர்கள் பணியாரத்தைப் பிய்த்து, அவர்கள் ஊர்க் கெட்டித் தயிரான லப்னேவில் தொட்டுச் சாப்பிட்டார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தில்லி ஜெனரல் வந்த அன்று ஹெலிகாப்டர் வரவில்லை. மூடுபனி. நகூராவிலிருந்து மலைப்பாதையில் வண்டியில் வந்தார்கள். நிமிடக் கணக்கில் போட்ட நிரலெல்லாம் காலையிலேயே குப்பைக்குப் போயிற்று. வந்ததும் படம் போட்டு விளக்குகிற கூட்டம் வேண்டாம், நேரே காவல்மேடைக்குப் போகலாம் என்றார். அங்கே நம் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் பைனாகுலரோடு நின்றான். இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எந்த ஊர், சாப்பாடு நல்லா இருக்கா?" இவர் கேட்டது, "பகலில் தெரிவதில் எது இரவில் தெரியாது?"

பையன் யோசித்துவிட்டு, அவனுக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான். எதிர்ச்சரிவில் ஒரு ஆட்டுக்காரர் தினமும் ஒரே நேரத்துக்கு மந்தையோடு வருவார். நீலக் கோட்டை ஒட்டியே மேய்ப்பார். அவர் வராத அன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், உடனே ரேடியோவில் சொல்லிவிடுவேன். மனிதரை எப்படி அடையாளம் தெரியும் என்று ஜெனரல் கேட்டார். மந்தையில் ஒரு ஆட்டுக்குக் காலில் கட்டுப் போட்டது நம் கால்நடை டாக்டர், அந்த ஆட்டை வைத்துத்தான் என்றான் பையன். எங்கள் பட்டாலியனோடு போன கால்நடை மருத்துவருக்கு அந்த மலையில் இருந்த செல்வாக்கு எங்கள் யாருக்கும் கிடையாது. ஆடு மாடு நோய் என்றால் அவரைத் தேடி வருவார்கள். அந்தக் கட்டு அடுத்த சரிவுவரை காவலுக்குப் பயன்பட்டது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. பத்து நிமிடம் ஒதுக்கியிருந்த இடத்தில் ஜெனரல் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டார். ரேடியோவில் மெஸ் ஹவில்தார், பணியாரம் ஆறுகிறது என்று எனக்குப் புலம்பல்.

பதக்க நாளில் வெயில் அடித்தது. அணிவகுப்பு சிறியதுதான். படைத் தலைவர் கடைசி வரிசைவரை நடந்து ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே குத்தினார். வழக்கமாக முதல் வரிசையோடு அவர் நிறுத்திக்கொள்வார், மீதியை மற்ற அதிகாரிகள் பிரித்துக்கொள்வார்கள். ஆள் குறைவாக இருந்ததால்தான் அதற்கு நேரம் கிடைத்தது. சின்ன வரிசைக்கு முகம் சுளித்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. நினைவுப் பரிசுக்கு ஊரிலிருந்து ஆத்தா அனுப்பிய பனையோலைக் கொட்டான்களில் உலர்பழம் போட்டுக் கொடுத்தோம்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்:

அண்ணே, ஐ.நா.வில் டாலரில் சம்பளமாமே? ஆளுக்கு எவ்வளவு?

கோட்டையூர்:

தம்பி, எல்லாரும் கடைசியில் இதற்குத்தான் வருகிறார்கள்! ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று நாட்டின் அரசுக்குத் தருகிறது. 2018-ல் 1,428 டாலர், 2022 ஜூலையிலிருந்து 1,448 டாலர். எந்த நாடானாலும் ஒரே விகிதம். அது அரசின் கணக்கு. நமக்கு நம் அரசு தருவது நம் சம்பளமும் வெளிநாட்டுப் படியும்.

கானாடுகாத்தான் ஆச்சி:

அண்ணே, கொட்டானை அவ்வளவு தூரம் நசுங்காமல் எப்படிக் கொண்டுபோனீர்கள்? நான் சென்னைக்கு அனுப்பினாலே விளிம்பு பிரிந்து வருகிறது.

கோட்டையூர்:

ஒன்றுக்குள் ஒன்று போட்டு, நடுவில் பழைய வேட்டித் துணியை அடைத்து அனுப்பினார்கள் ஆச்சி. பெரியதற்குள் சின்னது நின்றால் விளிம்பு மடங்காது.

சிவகங்கை, முன்னாள் சுபேதார்:

சார், நான் லெபனான் பார்த்ததில்லை. நான் இருந்தது காங்கோவில், கோமா என்ற ஊரில். 2002-ல் நிரகோங்கோ எரிமலை வெடித்து ஊருக்குள் ஓடிய குழம்பு அப்படியே கல்லாகிக் கிடக்கும். விமானதள ஓடுபாதையின் ஒரு முனையையே மூடிவிட்டது. அந்தக் கல்லில் கூடாரத்துக்கு முளை இறங்காது. சம்மட்டி உடையும், முளை வளையும், கல் அசையாது. ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று வரவேற்புப் பந்தல் போடச் சொன்னார்கள். மணல் மூட்டையைக் கட்டி நிறுத்தலாம், ஆனால் ஹெலிகாப்டர் காற்றுக்கு நிற்காது, தளத்தைவிட்டுத் தள்ளிப் போடுவோம் என்று சொன்னேன். விருந்தாளி வெயிலில் நடக்கக் கூடாது, பக்கத்திலேயே போடு என்றார் எங்கள் கேப்டன். போட்டோம். ஹெலிகாப்டர் இறங்கியது. பந்தல், மேஜை விரிப்பு, பூங்கொத்து எல்லாம் வேலியைத் தாண்டிப் பக்கத்து வாழைத் தோட்டத்துக்குப் போயிற்று. வந்தவர் நல்ல மனிதர். தொப்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கி, "டீ எங்கே?" என்றார். லங்கரில், அதாவது எங்கள் சமையல் கூடத்தில், இருக்கிறது என்றேன். நேரே அங்கே நடந்துபோய், எங்கள் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து எனாமல் குவளையில் குடித்தார். கேப்டன் மட்டும் பந்தலைத் தேடி வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

கோட்டையூர்:

சுபேதார் சாப், அந்தக் கேப்டனை எனக்குத் தெரியும் போலிருக்கிறது. பெயர் வேண்டாம், இப்போது பிரிகேடியர்.