எச்சரிக்கை சொல்லப் போன இடங்களில் நாங்கள் கேட்டவை

கலங்கரை:

பேரிடர்ப் பயிற்சிக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஊர் நம்பிக்கைகளோடு முட்டிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

கடலை ஒட்டிய ஒரு குடியிருப்பில் கூட்டம். எங்கள் குழு இளைஞர் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, புயல் எப்படிச் சுழல்கிறது என்று விளக்கி முடித்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, இதுக்கு முன்னாடியும் வரும் வரும்னு சொன்னீங்க. மூட்டை முடிச்சோட முகாம்ல போய்ப் படுத்தோம். வரல. இந்தக் கரைக்குக் காவல் இருக்கு, அது பார்த்துக்கும்.” இளைஞர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பின்வரிசை தானாகக் கலைந்தது.

அப்புறம் பெரியவரோடு தனியாக உட்கார்ந்தேன். காவல் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்துபோனது. போன தடவை ஊர் காலியாகக் கிடந்தபோது படகு எஞ்சின் ஒன்று களவு போயிருக்கிறது. முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, மகள் நிறைமாதம். ஆடுகளை எங்கே கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. காவல் உண்டு என்று அவர் மனதார நம்புகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்துப் பேர் நடுவில் கழிப்பறையைப் பற்றி எப்படிப் பேசுவார்? சபையில் கௌரவமாகச் சொல்ல முடிந்த காரணம் அது ஒன்றுதான்.

இந்தோனேசியாவின் மெராபி எரிமலைக்கு மபா மரிஜான் என்று ஓர் ஆன்மிகக் காவலர் இருந்தார். யோக்யகர்த்தா அரண்மனையின் நியமனம். 2006இல் எரிமலை சீறியபோது வெளியேற மறுத்தார், தப்பினார். சொல்லுக்கு மதிப்பு கூடிவிட்டது. 2010 அக்டோபரில் மறுபடி மறுத்தார். எரிமேகம், அதாவது மலைச்சரிவில் பாய்ந்து வரும் கொதிக்கும் சாம்பலும் வாயுவும், அவரையும் அக்கம்பக்கத்தில் தங்கியிருந்த பலரையும் கொன்றது. அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நாலு வருடம் முன்பு அவர் கணக்கு பலித்ததே, அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முகாமுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்கு வங்கதேசத்தில் மெதுவாக விடை கண்டார்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன்பின் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு கொடியேற்றி, மெகாபோனில் சொல்லும் ஏற்பாடு வந்தது. இருந்தும் 1991இல் சுமார் 1,38,000 பேர் போனார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், ஆண்கள் நிறைந்த முகாமுக்குப் போகக் கூசியவர்கள். பிற்பாடுதான் பெண் தன்னார்வலர்கள் பெருகினார்கள், முகாம்களில் பெண்களுக்குத் தனி இடம் வந்தது. மாடுகளை ஏற்றி வைக்க மண்மேடுகளும் உண்டு. எங்கள் பெரியவர் கேட்டதும் கிட்டத்தட்ட இவ்வளவுதானே!

மழைமானி:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. நான் போன ஊரில் எங்களுக்கு முன்பே பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை: கடல் பின்வாங்கி மீன் துள்ளினால், மீனைப் பொறுக்காதே, மேட்டுக்கு ஓடு. இந்தோனேசியாவின் சிமெலூ தீவு ஞாபகம் வந்தது. 1907இல் அங்கே சுனாமியில் பட்ட அடியைக் கதையாகவும் பாட்டாகவும் வைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியதும் குன்றேறிவிட்டார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அலை சில நிமிடங்களில் வந்த இடம் அது, சைரன் இருந்திருந்தாலும் நேரம் போதியிருக்காது.

ஆனால் பாட்டியின் கதையில் ஓர் ஓட்டை. கடல் எப்போதும் பின்வாங்குவதில்லை. சில கரைகளில் முதலிலேயே பொங்கி ஏறும். முதல் அலையே பெரியது என்றும் கிடையாது, மணிக்கணக்கில் அடுத்தடுத்து வரும். இதைப் பாட்டியிடமே சொன்னேன், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். “அப்போ தரை நின்னு நிதானமா ஆடினாலே ஓடணும். ஓடினவன் கடலம்மா கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது, அதானே?” அதேதான். மறுநாளே பிள்ளைகளுக்குப் புதுக்கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தால் பசைதான் வீண்.

ஒலிபெருக்கி:

அறிவிப்பு எழுதுகிற வேலை என்னுடையது. “மணிக்கு 100 கி.மீ. காற்று” என்றால் யாரும் அசைவதில்லை. “கூரை ஓடு பறக்கும், மரம் விழும், இருட்டுவதற்குள் கிளம்புங்கள், படகுக்கு இன்னார் காவல், ஆடுகளுக்கு இன்ன இடம்” என்றால் சாமான் கட்ட ஆரம்பிக்கிறார்கள். உலக வானிலை அமைப்பும் இப்போது காற்று என்ன செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் சொல்கிறது.

கலங்கரை எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். புயல் திசை மாறிப் போன மறுநாள் எந்தக் குழுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் போகிறோம். வரைபடத்தை விரித்து, எங்கே திரும்பியது, எந்த ஊர் மாட்டியது என்று காட்டுகிறோம். திட்டு கொஞ்சம் விழும், வேலை கெட்டுப்போனவர்கள் திட்டத்தானே செய்வார்கள். ஆனால் கேள்வியும் அங்கேதான் வருகிறது: எத்தனை மணி நேரம் முன்பு உறுதியாகத் தெரியும், அதுவரை வலையை எடுத்து வைத்தால் மட்டும் போதுமா என்று. இதை எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் எங்களிடம் யாரும் கேட்டதில்லை.