கொக்கியா, துறட்டியா, கொழுக்கியா: குரோசேவுக்குத் தமிழ் தேடிய இழை

பொருள்: குரோசேவுக்குத் தமிழ்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்
அனுப்பியவர்: செந்தூல் வகுப்பு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும் கைவேலை வகுப்பு நடத்துகிறேன் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். இந்த முறை தலைப்பட்டை, சாவிக்கொத்துப் பூ, கைப்பேசிப் பை மூன்றையும் குரோசேயில், அதாவது ஒற்றைக் கொக்கியால் நூலை வளையம் வளையமாக இழுத்து, போடுகிறோம். தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மேசை போட்டு விற்கும் எண்ணமும் உண்டு. எட்டுப் பக்கச் செய்முறைத் தாளைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். "பின்னல் வகுப்பு" என்று போட்டால் இரண்டு ஊசிப் பின்னல் என்று நினைக்கிறார்கள். போன முறை ஓர் அம்மா, மகளுக்குச் சடை பின்னப் பழகலாம் என்றே வந்துவிட்டார். இரண்டும் ஒரே வேலை இல்லை. ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக்கு 40 வளையம் என்றால் 40-ம் ஊசியில் காத்து நிற்கும். ஒன்று நழுவினால் மேலிருந்து கீழ்வரை ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். குரோசேயில் ஒவ்வொரு வளையத்தையும் அப்போதைக்கப்போது மூடிவிடுகிறோம். கொக்கியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. பத்து வயதுப் பிள்ளையும் தைரியமாகத் தொடுவது அதனால்தான்.

இரண்டாவது, "ஸ்டிச்"சுக்கு, அதாவது இப்படிப் போட்டு மூடும் ஒவ்வொன்றுக்கும், என்ன எழுதுவது? தையல் என்றால் துணி தைப்பது ஆகிவிடுகிறது.

நன்றி.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு தடை. பின்னல் என்ற சொல்லே இரண்டுக்கும் பொருந்தாது. பின்னுதல் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட புரிகள் ஒன்றன்மேல் ஒன்று மாறி மாறி ஏறவேண்டும். சடைக்கு மூன்று புரி. கொடிகள் பின்னிக் கிடந்தன என்கிறோம். ஒற்றைக் கொடி பின்னிக் கிடப்பதில்லை. நீங்கள் சொல்லும் வேலையில் ஒரே நூல் தனக்குள் தானே புகுந்து வருகிறது. பூத்தொடுப்பில் நார் போடும் சுருக்குப் போன்றது அது.

ஆகவே சொல் "கண்ணி". சுருக்குக்குக் கண்ணி என்று பெயர். பறவை பிடிக்க வைப்பது கண்ணி. வலையின் துளையும் கண்தான். பூமாலையும் கண்ணி. புறநானூற்றின் கடவுள் வாழ்த்து "கண்ணி கார்நறுங் கொன்றை" என்று தொடங்கி, மார்பில் உள்ளதைத் தார் என்று பிரித்துக் காட்டும். தலையில் சூடுவது கண்ணி, மார்பில் அணிவது தார். நீங்கள் செய்யும் தலைப்பட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? தாயுமானவரின் பராபரக்கண்ணியும் இரண்டிரண்டு அடியாகத் தொடுத்துச் செல்வதுதான்.

ஸ்டிச் = கண்ணி. அந்தக் கலை = கண்ணிகை.

*

மறுமொழி
அனுப்பியவர்: பிரிக்பீல்ட்ஸ், அச்சுக்கோப்புத் தம்பி

ஐயா, வணக்கம். கண்ணிகை என்று பெரிய எழுத்தில் சுவரொட்டி போட்டால் பாதிப் பேர் கன்னிகை என்று படிப்பார்கள். வரன் பார்க்கும் நிகழ்ச்சி என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவார்கள்.

வெறும் கண்ணி என்றாலும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் கண்ணிவெடிதான் ஞாபகம் வரும்.

குரோசே என்றே எழுதினால் என்ன? எல்லாருக்கும் தெரிகிறது. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். மெய்யெழுத்தில் தொடங்காமல் கு போட்டாயிற்று, ஷே இல்லாமல் சே போட்டாயிற்று. தமிழாகிவிட்டது.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

தம்பி, தொல்காப்பியர் திறந்தது ஒரு சன்னல். நீங்கள் அதன் வழியாகப் பிரெஞ்சு நாட்டையே உள்ளே இழுக்கிறீர்கள்.

*

மறுமொழி
அனுப்பியவர்: ஜோர்ஜ் டவுன், கைவேலைக் கடை

எல்லாருக்கும் வணக்கம். நான் இலக்கணம் படித்தவள் இல்லை, போடுகிறவள். பைகள், பூங்கொத்து, அப்புறம் வெள்ளைக் கொப்பியா (முஸ்லிம் ஆண்கள் அணியும் தொப்பி).

பிரெஞ்சு என்றதும் சொல்லத் தோன்றியது. அந்த மொழியில் குரோசே என்றாலே சின்னக் கொக்கி, அவ்வளவுதான். இங்கே பினாங்கில் லைட் ஸ்ட்ரீட் கான்வென்டை 1852-இல் தொடங்கியவர்கள் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள். அம்மா படித்தது வேறொரு கான்வென்டில். அங்கே சிஸ்டரிடம் பழகி வந்து, எங்களுக்குச் சொல்லித் தரும்போது "கொக்கி வேலை" என்பார். மலாய்க்காரர்களும் காயிட் என்றால் கொக்கிதான், செய்வது மெங்காயிட். பிரெஞ்சுக்காரருக்குக் கொக்கி, மலாய்க்காரருக்குக் கொக்கி, எங்கள் அம்மாவுக்கும் கொக்கி. நாம் மட்டும் ஏன் புறநானூறு வரைக்கும் நடக்கணும்?

கம்பளி என்று மட்டும் தாளில் எங்கும் எழுதிவிடாதீர்கள் டீச்சர். நம் ஊர் வெயிலில் கம்பளியைத் தலையில் கட்டினால் பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடும். நாங்கள் எல்லாரும் போடுவது மில்க் காட்டன் என்கிற பருத்திக் கலப்பு நூல், 50 கிராம் உருண்டை.

*

மறுமொழி
அனுப்பியவர்: பெட்டாலிங் ஜெயா, மொழிபெயர்ப்பாளர்

கொக்கி கொக்கிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். வளைந்த கழுத்தும் கீழே குத்தும் அலகும் குரோசே ஊசியின் வடிவம்தானே? கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெம். ஆக, நம் குடும்பச் சொல், கடன் இல்லை. ஐயா கவலையில்லாமல் ஏற்கலாம்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வாயில் இது கொழுக்கி. சட்டையை ஆணியில் கொழுவு என்பார்கள். வினை கைவசம் இருப்பதால் கிளைச்சொற்கள் எளிதில் வரும்: கொழுவூசி, கொழுவல். ஒரே இடையூறு, கொழுவல் என்றால் அங்கே சண்டை என்றும் பொருள். இந்த இழைக்குப் பொருந்தும்.

இன்னொன்று. மலாய்க் காயிட் நம் "கை"யிலிருந்து போயிருக்கலாமோ?

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

போகவில்லை. மலாய் நம்மிடம் எடுத்தவை கடை, கப்பல், கட்டில், சும்மா. அந்தப் பட்டியலே போதுமான பெருமை. கொக்கு ஆராய்ச்சியும் அப்படித்தான். இரண்டும் வளைந்திருப்பது தவிர வேறு சான்று காட்டுங்கள். பார்க்கிறேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: ரவாங்

நான் இந்தக் குழுவில் எழுதுவது அபூர்வம். எஸ்டேட்டில் வளர்ந்தவன். முருங்கைக்காய், ரம்புத்தான் எல்லாம் நீளக் கழியில் வளைந்த கத்தி கட்டித் தொரட்டியால்தான் பறிப்போம். உள்ளே விட்டு, மாட்டி, இழுப்பது. டீச்சர் சொல்லும் வேலையும் அதேதான். தொரட்டிப் பின்னல் என்று வைத்தால் எங்கள் ஊர்க் கிழவிக்கும் படம் போல் தெரியும்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

துறட்டி. எழுதும்போது துறட்டி. ஆனால் இந்தக் குழுவில் இதுவரை வந்தவற்றில் உழைப்பின் மணம் உள்ள சொல் இதுதான். துறட்டுப் பின்னல்! பின்னல் என்பதை மட்டும் மாற்றினால் நான் ஒப்புக்கொள்வேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பிரிக்பீல்ட்ஸ்

"இது என்ன பெரிய தொரட்டா இருக்கு" என்று என் பாட்டி தொல்லையைத்தான் சொல்வார். அதை விளம்பரத்தில் போட வேண்டாமே.

பின்னல் தவறு என்பதும் காலங்கடந்த வழக்கு ஐயா. திருப்பூரில் தைக்கும் பனியனுக்கும் டீசட்டைக்கும் பின்னலாடை என்றுதான் பெயர். ஒற்றை நூல் வளையம் வளையமாகப் போவதற்குப் பின்னல் என்று ஓர் ஊரே தொழில் நடத்தியாயிற்று.

*

மறுமொழி
அனுப்பியவர்: செந்தூல் வகுப்பு

தம்பி சொன்ன திருப்பூரிலேயே எனக்கு விடை இருக்கிறது. ஊசிப் பின்னலுக்கு 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறைச் சட்டகம் செய்துவிட்டார். அந்த வழியில் வந்த இயந்திரங்கள்தான் பின்னலாடையை ஓட்டுகின்றன. குரோசேவை அப்படிப் போடும் இயந்திரம் சந்தைக்கு வரவே இல்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகத் தொங்கும் உண்மையான குரோசே சட்டைகூட யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு விலை சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதனால் பின்னலாடையோடு கலந்துபோகாத பெயர் வேண்டும். கொக்கி என்ற முன்னொட்டு அதைச் செய்கிறது.

ஆனால் இதைவிடப் பெரிய தலைவலி உள்ளே இருக்கிறது. போன வாரம் வகுப்பில் இரண்டு பேர் ஒரே தாளைப் பார்த்துப் பூப் போட்டார்கள். ஒருவர் பூ வெள்ளிக்காசு அளவு, மற்றவருடையது ஏறக்குறைய இருமடங்கு. காரணம் தேடினால், மூத்தவர் பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் படித்தவர், இளையவர் யூடியூபில் அமெரிக்கர்களைப் பார்த்தவர். அமெரிக்கர் சிங்கிள் என்பதை பிரிட்டிஷார் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். இரண்டையும் தமிழில் ஒற்றை, இரட்டை என்று மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம்.

என் யோசனை: கை செய்வதைப் பார்த்துப் பெயர் வைப்போம். கொக்கியைத் துளையில் விடும் முன் நூலை அதன் மேல் எத்தனை முறை சுற்றுகிறோம்? சுற்றவே இல்லையென்றால் ஒன்று, ஒருமுறை என்றால் ஒன்று, இருமுறை என்றால் ஒன்று. எந்த நாட்டுப் புத்தகம் வைத்திருந்தாலும் கை பொய் சொல்லாது. பெயர்களை ஐயாதான் தரவேண்டும்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

டீச்சர், இதை முதல் மடலிலேயே எழுதியிருக்கலாம்.

சுற்றாக் கண்ணி. ஒருசுற்றுக் கண்ணி. இருசுற்றுக் கண்ணி.

முதலாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக் காசு, ஓடாக் குதிரை போல வல்லினம் மிகும். தம்பி அச்சில் அந்த "க்"கைத் தின்றுவிடக் கூடாது. தொடக்கத்தில் போடும் வரிசைக்குச் சங்கிலி என்பதே போதும். சங்கிலி வடமொழி வழி வந்தது; தொடரி என்று எழுத என் கை துறுதுறுக்கிறது. வெள்ளிக்கிழமையை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: ஜோர்ஜ் டவுன்

ஐயா, மூன்றும் அருமை. கடைக்கு வந்த ஒரு பொண்ணுக்கு இப்போதே சொல்லிப் பார்த்தேன், உடனே போட்டுவிட்டது. ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. ஒருமுறை சுற்றி, உள்ளே விட்டு, நூலை இழுத்தால் கொக்கியில் மூன்று வளையம் நிற்கும். ஒருசுற்றுக் கண்ணியில் அதை இரண்டிரண்டாக, இரண்டு தடவையில் மூடுவோம். மூன்றையும் ஒரே இழுப்பில் மூடுவதும் உண்டு. உயரம் இடைப்பட்டது. கொப்பியாவின் விளிம்புக்கு நான் அதைத்தான் போடுகிறேன். அதற்கும் ஒரே சுற்றுதான். பெயர்?

*

மறுமொழி
அனுப்பியவர்: பெட்டாலிங் ஜெயா

அரைச்சுற்றுக் கண்ணி?

*

மறுமொழி
அனுப்பியவர்: ஜோர்ஜ் டவுன்

சுற்று அரையில்லையே தம்பி, முழுசாத்தான் சுற்றுகிறோம். அரைச்சுற்று என்று சொன்னால் பிள்ளை நூலைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பெட்டாலிங் ஜெயா

ஓரிழுப்புக் கண்ணி. குறுங்கண்ணி. முக்கண்ணி (மூன்று வளையம் என்பதால்).

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

முக்கண்ணி அம்பாளின் பெயர். பொறுங்கள், யோசிக்கிறேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: செந்தூல் வகுப்பு

இன்று வியாழன் இரவு. ஐயா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், எனக்கு வேறு வழியில்லை. தாளில் இப்படிப் போகிறது: கலைக்குக் கொக்கிப் பின்னல். ஆதரவு நான்கு, துறட்டிக்கு ஒன்று, ஐயா எதிர்ப்பு. ஸ்டிச்சுக்குக் கண்ணி, இதற்கு எதிர்ப்பு கண்ணிவெடித் தம்பி மட்டும். குரோசே என்ற சொல்லை முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதுகிறேன், தேடி வருகிறவர்களுக்காக. பூவில் அந்த இடைப்பட்ட கண்ணி வருவதில்லை. கைப்பேசிப் பையின் விளிம்பில் வந்தது. அங்கே அதை எடுத்துவிட்டுச் சுற்றாக் கண்ணியாக மாற்றிவிட்டேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

பெயர் கிடைக்கவில்லை என்று பையின் விளிம்பையே மாற்றுவதா?

என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். ஒற்றை நூல் பின்னாது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. போடுவதுதான் போடுகிறீர்கள், கொக்கிப் பின்னலில் "ப்" இருக்கட்டும்.

*

மறுமொழி
அனுப்பியவர்: செந்தூல் வகுப்பு

தாள் வந்துவிட்டது, 60 படி. உள்ளே எல்லாம் சரி. சுற்றாக் கண்ணியில் "க்" பத்திரமாக இருக்கிறது. அட்டையில் மட்டும் "கொக்கி பின்னல் பயிற்சி" என்று வந்திருக்கிறது. அட்டையைக் கடைசி நேரத்தில் கைப்பேசியில் தட்டி அனுப்பியது நான்தான். தம்பிமேல் பாயாதீர்கள்.

*

மறுமொழி
அனுப்பியவர்: பட்டர்வொர்த்

பார்த்தேன். 60 படிதானே, பேனா எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் வருகிறேன்.

*

மறுமொழி
அனுப்பியவர்: ஜோர்ஜ் டவுன்

ஐயா, வரும் வழியில் அந்த மூன்று வளையத்துக்கும் ஒரு பெயர் யோசித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு ஆர்டர் கொப்பியா பன்னிரண்டு இருக்கிறது.